தீங்கு செய்யாத கை



கொல்லாமையே நம் அறத்தின் வேர் என்பதை நம் இல்லங்களில் சிறு குழந்தையும் அறியும். நாம் இரவில் உண்பதில்லை. வடிகட்டாத நீரைப் பருகுவதில்லை. மண்ணுக்குள் விளையும் கிழங்குகளைத் தொடுவதில்லை. இவ்வாறு ‘இல்லை, இல்லை’ என்று சொல்லியே வளர்ந்த காரணத்தால், தீங்கு செய்யாமை என்றாலே கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பது என்ற ஓர் எண்ணம் நம் உள்ளத்தில் ஊறிவிடுகிறது. அறுபத்தெட்டு அகவை வரை யாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஒரு சவரக் கருவியைக் கையில் எடுத்த பிறகே அவ்வெண்ணம் மாறியது. வாசகர்கள் நகைக்க வேண்டா. நடந்ததைக் கூறி, அதனின்று எழுந்த ஐயத்தையும் நமக்குள் ஆராய்வோம்.

நடந்தது

2018ஆம் ஆண்டு தை மாதத்தில் எம் கணவருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. வாய் ஒரு புறம் கோணியது; சொற்கள் குழறின. அஞ்சலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். பணியில் இருந்த காலத்தும் ஓய்வு பெற்ற பின்னரும், விடியற்காலையில் முகம் மழித்து நீராடிய பிறகே ஜினாலயத்துக்குப் புறப்படுவார். கொல்லைப்புறத் திண்ணையில் சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பித்தளைக் கிண்ணத்தில் வெந்நீரும், நைலான் தூரிகையும், இருபுறமும் கூருடைய பிளேடு பொருத்திய பழைய சவரக் கருவியுமாக அவர் அமர்ந்திருக்கும் காட்சியை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டிருக்கிறோம். கண்டோமே தவிர, கவனித்ததில்லை.

நோயுற்ற மூன்றாம் வாரத்தில் தாடி நன்கு வளர்ந்துவிட்டது. உண்ணும்போது கஞ்சி அதில் ஒட்டும். துடைத்தால் தோல் சிவக்கும். ஒரு நாள் நிலைக்கண்ணாடியில் தம் முகத்தைக் கண்டவர், அதன் பின் அப்பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலை வேறு பக்கம் போடுமாறு இடக்கையால் குறிப்புக் காட்டினார்.

இரத்தம் எளிதில் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைகளை அவர் உட்கொண்டு வந்தமையால், மின்சாரத்தால் இயங்கும் கருவியே பாதுகாப்பானது என்று மருத்துவர் கூறினார். அது சரியான அறிவுரையே. இத்தகைய நோயாளர் உள்ள இல்லத்தார் அதனையே முதலில் நாட வேண்டும். யாமும் ஒன்றை வாங்கினோம். ஆனால் அதன் இரைச்சல் கேட்டதும் அவர் தலையைத் திருப்பிக்கொள்வார். தளர்ந்து தொங்கிய வலக்கன்னம் அதில் அகப்பட்டுக் கன்றியது. இரண்டு வாரம் முயன்ற பின், தம் பழைய கருவி இருந்த தகரப் பெட்டியை அவரே சுட்டிக் காட்டினார். மீண்டும் மருத்துவரிடம் சென்று கேட்டோம். “கையை அழுத்தாமல் செய்வதானால் செய்யுங்கள், சிறு வெட்டு ஏற்பட்டாலும் நெடுநேரம் அழுத்திப் பிடியுங்கள்” என்று அவர் இசைந்தார்.

இசைவு கிடைத்தது, திறமை எங்கே கிடைக்கும்?

கருவியின் காப்பு எதுவரை?

இக்கருவியின் வரலாற்றை அந்நாளில் தேடிப் படித்தோம். பாரிசு நகரில் கத்தி செய்பவராக இருந்த ழான்-ழாக் பெரே என்பவர், தச்சரின் இழைப்புளியைக் கண்டு, கத்தியின் விளிம்பு சிறிதே வெளித்தெரியுமாறு அதற்கு மரத்தால் ஒரு காப்பு அமைத்தார். ஒருவர் தமக்குத் தாமே மழித்துக்கொள்ளக் கற்பது எப்படி என்று 1769இல் ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் 1880இல் அமெரிக்காவில் காம்ஃபே உடன்பிறந்தார் காப்புடைய கருவி ஒன்றுக்கு உரிமம் பெற்றனர். தீட்ட வேண்டாத மெல்லிய பிளேடைக் கிங் கேம்ப் ஜில்லெட் கருதினார். அத்துணை மெல்லிய எஃகை உறுதிப்படுத்தும் வழியை வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் கண்டறிந்தார். 1903இல் விற்பனைக்கு வந்தபோது, அவ்வாண்டு முழுவதும் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. 1904இல் உரிமம் கிடைத்தது. முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படைவீரர்க்கு இக்கருவி வழங்கப்பட்ட பின், தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே பெரிதும் பரவியது.

‘பாதுகாப்பு’ என்ற பெயர் இதற்கு வந்ததன் காரணம் எளியது. கருவியின் தலைப்பகுதி, பிளேடின் விளிம்பை ஒரு நூலளவே வெளியே விடுகிறது. ஆகவே வெட்டு ஆழமாக இறங்காது. ஆழத்தை மட்டுமே அது தடுக்கும், வெட்டையே தடுக்காது. இன்று கடைகளில் தொங்கும், பல அலகுகள் கொண்ட புதிய கருவிகளின் தலை, முகத்தின் மேடு பள்ளத்துக்கேற்பத் தானே சாய்ந்து கொடுக்கிறது. பழைய கருவியின் தலையோ அசையாது. எந்தச் சாய்வில் வைப்பது என்பதைப் பிடித்திருக்கும் கைதான் தீர்மானிக்க வேண்டும். அக்கை கற்றதாக இருந்தால் காப்பு உண்டு. கல்லாததாக இருந்தால் பெயரில் மட்டுமே காப்பு உண்டு.

ஆசிரியை மாணவியானது

எங்கள் தெருவுக்கு முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த முடிதிருத்துநர் ஒருவர் உண்டு. அவருடைய மக்கள் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். கண்புரையால் பார்வை மங்கியபின் அவர் தொழிலை விட்டு, பக்கத்துச் சிற்றூரில் மகனோடு வாழ்ந்து வந்தார். அவரை வரவழைத்தோம். ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாளில் எங்கள் தெருவில் அவரைவிட இளையோரும் அவரை ஒருமையில்தான் அழைப்பர். ஆசிரியப் பயிற்சி பெற்று, எல்லாக் குழந்தைகளும் ஒன்றே என்று வகுப்பில் போதித்த யாமும் அவ்வாறே அழைத்திருக்கிறோம். கற்றுக்கொள்ள வேண்டிய நாளில்தான் “வாங்க ஐயா, உட்காருங்க” என்ற சொல் எம் வாயில் வந்தது. நாற்காலியைக் காட்டியபோது அவர் சற்றுத் தயங்கி நின்றார். அத்தயக்கம் எம்மைச் சுட்டது.

“டீச்சரம்மா, என் கண்ணு போச்சு, கை மறக்கல. நான் சொல்றேன், நீங்க செய்யுங்க” என்றார் அவர்.

முதல் நாள் அவர் எம் கணவரின் முகத்தைத் தொட விடவில்லை. திருவிழாக் கடையில் விற்கும் பலூன் ஒன்றை ஊதச் செய்து, அதன்மேல் சோப்பு நுரையைப் பூசி, அதனை மழிக்கச் சொன்னார். நான்கு பலூன்கள் வெடித்தன. பேரப்பிள்ளைகள் கைகொட்டி நகைத்தனர். ஐந்தாவது பலூன் வெடிக்கவில்லை.

பிறகு அவர் கற்பித்தவை இவை. சூடான ஈரத்துணியை முகத்தில் சிறிது நேரம் வைத்திருந்தால் மயிர் மென்மையாகும். மழிப்பதற்கு முன் விரல் நுனியால் தடவி, மயிர் எத்திசையில் வளர்கிறது என்று அறிய வேண்டும். கன்னத்தில் ஒரு திசை, கழுத்தில் வேறொரு திசை. அத்திசையிலேயே கருவி செல்ல வேண்டும். தலைப்பகுதியின் மேல்மூடியை முதலில் தோலில் பதித்து, பிளேடு மெல்லத் தொடும் வரையில் கைப்பிடியைத் தாழ்த்திக்கொண்டே வர வேண்டும்; ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் அது அமையும். மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். அங்குல அளவில் சிறு சிறு இழுப்பாக இழுக்க வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, அழுத்தவே கூடாது. “செட்டோட கனமே போதும், உங்க பலம் வேண்டாம்” என்று அவர் பலமுறை கூறினார்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க, எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்தனர். அந்நெறியை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை, பள்ளி வாயிலை அதிகம் மிதித்திராத அப்பெரியவரிடம் அன்று கண்டோம். அவருக்கு உரிய ஊதியத்தைக் கொடுத்தோம். பெற்றுக்கொண்டு, “அடுத்த மாசம் வந்து கையைப் பார்க்கிறேன்” என்று கூறிச் சென்றார். சொன்னபடியே வந்தும் பார்த்தார்.

அச்சமும் கவனமும்

முதல் சில நாட்களில் எம் கை நடுங்கியது. நடுங்கும் கை தயங்கும். தயங்கும் கை சாய்வை இழக்கும். சாய்வை இழந்த பிளேடு தோலைச் சுரண்டும். தீங்கு செய்துவிடுவோமோ என்ற அச்சமே தீங்குக்குக் காரணமாவதை அங்கே கண்ணாரக் கண்டோம்.

அதுவரை அச்சத்தையும் கவனத்தையும் ஒன்றென்றே கருதியிருந்தோம். அவ்விரண்டும் வேறு. அஞ்சுபவரின் எண்ணமெல்லாம் தம்மைப் பற்றியது. ‘என்னால் வெட்டுப்பட்டால் என்னை என்ன சொல்வார்கள்?’ என்பது. கவனிப்பவரின் கண் எதிரிலிருக்கும் முகத்தின் மேல் இருக்கிறது. தாமே மழித்துக்கொள்பவருக்குத் தோல் செய்தி சொல்லும். பிறருக்கு மழிப்பவருக்கு அத்துணை இல்லை. எம் கணவரின் வலக்கன்னத்திலோ உணர்ச்சியே குறைவு. வெட்டுப்பட்டாலும் அவர் முகம் சுளிக்க மாட்டார். ஆகவே அவருக்கும் சேர்த்து எம் விரலே உணர வேண்டியிருந்தது. பிறர் உடலைத் தம் உடல்போல் எண்ணுக என்பதை எத்தனையோ சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம். அது ஓர் உணர்ச்சி என்று எண்ணியிருந்தோம். பழகிப் பெற வேண்டிய திறமையும் ஆகும் என்பதை அப்போது அறிந்தோம்.

குருதி கண்ட நாள்

ஏழெட்டுத் திங்கள் சென்றபின் கை நன்கு பழகிவிட்டது. ஒரு நாள் காலை, குடும்ப நிலம் ஒன்றைப் பங்கிடுவது பற்றி உறவினர் ஒருவரோடு தொலைபேசியில் கடுஞ்சொல் பேச நேர்ந்தது. பேசி முடித்த கையோடு மழிக்க அமர்ந்தோம். கை தன் வேலையைச் செய்தது. மனமோ, சொல்ல மறந்த மறுமொழிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. தாடைக்குக் கீழே வெள்ளை நுரையில் சிவப்பு படர்வதைக் கண்ட பிறகே மனம் திரும்பி வந்தது. மாத்திரையின் காரணமாகக் குருதி எளிதில் நிற்கவில்லை. தூய துணியால் கால் மணி நேரம் அழுத்திப் பிடித்திருந்தோம். பாதி முகம் நுரையோடு அவர் எம்மையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குருதி நின்றபின் கருவியைக் கழுவிப் பெட்டியில் வைக்கப் போனோம். அவர் தம் இடக்கையால் எம் மணிக்கட்டைப் பற்றி, மழிக்காத மறுகன்னத்தின் அருகே கொண்டு சென்றார். எஞ்சியதையும் முடித்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், உயிருக்கு ஊறு செய்வதைப் பிரமாதத்தோடு சேர்த்தே கூறியிருப்பதை நம்மில் பலர் பாராயணத்தில் கேட்டிருப்பர். இக்காலப் பேச்சில் ‘பிரமாதம்’ என்றால் மிகச் சிறப்பு என்று பொருள். நூல் வழக்கில் அது விழிப்பின்மையைக் குறிக்கும். பொன்னூர் மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்த ஆசாரியரும் பிரவசனசாரத்தில் இதனை விளக்குகிறார். கவனத்தோடு நடப்பவரின் காலடியில் அவரறியாது ஒரு சிற்றுயிர் மடிந்தாலும் அவருக்கு இம்சையின் கட்டு இல்லை. கவனமின்றி நடப்பவருக்கோ, உயிர் மடிந்தாலும் மடியாவிட்டாலும் இம்சை உண்டு என்பது அதன் கருத்து.

இதன் முற்பகுதி எமக்கு ஆறுதலாக இல்லை. அன்று யாம் கவனத்தோடு இருக்கவில்லை. பிற்பகுதிதான் உறக்கத்தைக் கெடுத்தது. குருதி கண்டது ஒரு நாள். மனம் வேறெங்கோ திரிய, கை மட்டும் அவர் கழுத்தின்மேல் சென்றுகொண்டிருந்த நாட்கள் எத்தனை? அந்நாட்களில் குருதி வரவில்லை. ஆகவே அவற்றை நல்ல நாட்கள் என்று எண்ணியிருந்தோம். குருதி வராதது எம் அறத்தாலன்று, நல்வாய்ப்பால். வெட்டு நேர்ந்த நாளில் யாம் செய்த குற்றமும், நேராத அந்நாட்களில் செய்த குற்றமும் ஒன்றே. விளைவை மட்டும் எண்ணிப் பார்த்துத் தம்மைக் குற்றமற்றவரென்று கருதுவது எத்துணை எளிது!

மறுநாள் முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டோம். கருவியை எடுக்குமுன் அருகில் அமர்ந்து பஞ்ச நமஸ்காரத்தை ஒருமுறை சொல்லி முடிப்போம். மனம் அடங்காவிடில் அன்று மழிப்பதில்லை. மாலையிலோ மறுநாளோ பார்த்துக்கொள்வோம். 2021இல் அவர் மறையும் வரை எம் கையால் அவருக்கு மீண்டும் வெட்டு நேரவில்லை. அதனைப் பெருமையாகக் கூறவில்லை. மேலே கூறிய காரணத்தால் அது பெருமைக்குரிய கணக்கும் அன்று.

இரண்டு மறுப்புகள்

இங்கே சிலர் கேட்கலாம்: “இத்துணை இடர் எதற்கு? தாடியை வளர விட்டிருக்கலாமே. நம் முனிவர்கள் கத்தியையே தொடுவதில்லையே?” உண்மைதான். திகம்பர முனிவர் இரண்டு, மூன்று அல்லது நான்கு திங்களுக்கு ஒருமுறை தம் கையாலேயே மயிரைக் களைகின்றனர். கருவியையும் பிறரையும் சாராதிருத்தல், உடலின்மேல் பற்றின்மை, சிற்றுயிர்க்கு ஊறு நேராமை ஆகியவை அதன் நோக்கங்கள். அது அவர்கள் தாமே விரும்பி ஏற்ற விரதம். நோயாளியின் முகத்தில் வளர்ந்த தாடியோ விரதமன்று, நம் புறக்கணிப்பு. அவரே தாடியை விரும்பியிருந்தால் யாம் கருவியைத் தொட்டிருக்கத் தேவையில்லை. அவர் விரும்பியது தம் பழைய முகத்தை. எம் கைக்குப் பழி வந்துவிடும் என்றஞ்சி அதனை மறுத்திருந்தால், குருதி சிந்தாமல் இருந்திருக்கும்; தீங்கு இல்லாமல் இருந்திருக்காது. கத்தியைத் தொடாதவரெல்லாம் தீங்கற்றவர் என்றால், கட்டிலில் கிடப்பவரை எட்டிப் பாராதவரே எல்லாரினும் நல்லவர் ஆகிவிடுவார்.

மற்றொரு வினாவை எழுப்பியவன் எம் பேரன். 2022இல் அவனுக்கு மீசை அரும்பியது. “பாட்டி, தாத்தாவோட செட்டை எனக்குக் கொடுங்க” என்று கேட்டான். கொடுக்கக் கை நீண்டபோது ஒன்று நினைவுக்கு வந்தது. சமந்தபத்திரரின் ரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச் செப்பும், பயனின்றிச் செய்யும் தீவினைகளில் ஒன்றாக, ஊறு செய்யும் கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பதைக் கூறுகின்றன. ஒரு சிறுவனுக்குக் கூரிய பிளேடைக் கொடுப்பது அதில் அடங்குமா?

எமக்குப் பட்ட விடை இது. வாளையும் வேலையும் கொல்வதற்கென்று கொடுப்பதே அங்கே விலக்கப்பட்டது. சமையலறை அரிவாள்மணை இல்லாமல் இல்லறம் இல்லை. ஆயினும், கருவியைக் கொடுத்துக் கல்வியைக் கொடாதிருந்தால், அக்கொடை குற்றத்தின் பக்கமே சாயும். ஆகவே அவனுக்கும் பலூன் வாங்கிக் கொடுத்தோம். அவன் உடைத்தவை மூன்று. பாட்டியைவிட ஒன்று குறைவு.

அதே நூல்கள் விழிப்பின்றி நீரை வீணாக்குவது போன்ற செயல்களையும் அப்பட்டியலில் சேர்க்கின்றன. எனவே குழாயைத் திறந்துவிட்டு மழிக்காமல், தாத்தாவைப்போல் ஒரு கிண்ண நீரில் முடிக்க வேண்டும் என்பது அவனுக்கு விதித்த இரண்டாம் கட்டளை. மூன்றாவது, பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பு வேண்டும் என்னும் ஆதான நிக்ஷேபண சமிதியைச் சார்ந்தது. முனிவர்க்கு முழுமையாக விதிக்கப்பட்ட அதனை இல்லறத்தாரும் இயன்ற அளவு கைக்கொள்ளலாம். பழைய பிளேடைத் தாளில் மடித்துக் குப்பையில் போடுவது பல வீடுகளில் வழக்கம். மறுநாள் அக்குப்பையைக் கையால் அள்ளுபவர் ஒருவர் உண்டு. நம் முகத்தில் கீறல் இல்லாமல் மழித்துவிட்டு, முகமறியாத ஒருவரின் விரலைக் கிழிப்பதை எந்த அறம் ஏற்கும்? மூடியில் சிறு பிளவு வெட்டிய தகர டப்பா ஒன்றில் எங்கள் வீட்டுப் பழைய பிளேடுகள் சேர்கின்றன. நிறைந்தபின் மூடியை இறுக ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிப் பழைய இரும்புக் கடையில் ஒப்படைக்கிறோம். எளிய செயல்தான், எல்லா இல்லங்களிலும் செய்யலாம்.

நிறைவாக

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருவோம். தீங்கு செய்யாமை என்பது விலகி நிற்பதா? விலக வேண்டியவற்றினின்று விலகத்தான் வேண்டும். நம் நோன்புகளில் ஒன்றையும் குறைத்துக் கூறவில்லை. ஆனால் பிறருக்காகக் கூரிய பொருளைக் கையில் ஏந்த வேண்டிய நாள் எல்லார் வாழ்விலும் வரும். தாய்க்கு ஊசி போட வேண்டியிருக்கும். மகனைக் கண்டிக்க வேண்டியிருக்கும். உடன்பிறந்தாரோடு பாகம் பேச வேண்டியிருக்கும். அந்நாளில், ‘யாம் ஒருபோதும் கத்தியைத் தொட்டதில்லை’ என்ற தூய்மை உதவாது. ஊறு செய்யாமல் தொடக் கற்ற கையே உதவும். அதுவும் மனம் உடன் வந்தால் மட்டுமே.

உறவினரோடு அன்று பேசிய கடுஞ்சொல்லுக்காக, சில நாள் கழித்து அவரிடம் சென்று பொறுத்தருளுமாறு வேண்டினோம். எமக்குக் கற்பித்த பெரியவர் கண் அறுவை செய்துகொண்டு நலமாக உள்ளார். சென்ற பொங்கலன்று பேரனை அழைத்துக்கொண்டு அவர் இல்லம் சென்றோம். பேரனின் தாடையைத் தடவிப் பார்த்தவர், “காதுகிட்ட கொஞ்சம் விட்டிருக்கான்” என்றார். வீடு திரும்பியதும் பேரன் கண்ணாடி முன் நின்று பார்த்தான். அவர் சொன்னது சரியே.

வாழ்க அறம்.